வருத்தப்படல: டைம்லைனில் நான்கு ஃபிரேம் தவறிய ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் ஐந்தாவது மாடி. இரண்டு மேசை, மூன்று திரை, ஒரு பழைய சோபா. கல்யாணம், காதுகுத்து, கோயில் குடமுழுக்கு, தமிழ் மொழி விழா நிகழ்ச்சி என்று வருகிற வேலையை எல்லாம் எடிட் செய்து கொடுக்கும் சின்ன அறை எங்களுடையது. ஒரு மேசையில் நான். இன்னொன்றில் தேசிய சேவை என்ற கட்டாயப் படைப் பணியை முடித்துவிட்டு வந்து சேர்ந்த ஒரு தம்பி. நல்ல கண் உள்ள பிள்ளை. எந்த முகத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் கையால் நடந்த ஒரு பிழையைப் பற்றியது இந்தக் குறிப்பு. அதில் அவன் பொறுப்பைவிட என் பொறுப்பே அதிகம். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கக்கா, அடுத்தவனுக்கு உதவும்" என்றான்.

வேலை இதுதான். செம்பவாங் கடற்படைத் தளத்தில் இளவயதில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெரியவருக்கு எண்பது வயது நிறைகிறது. பிள்ளைகள் ஈசூனில் ஒரு மண்டபம் எடுத்து விழா வைக்கிறார்கள். அங்கே போட்டுக் காட்ட, அவரே தன் கதையைச் சொல்வது போல நாற்பது நிமிடத்துக்குள் ஒரு படம் வேண்டும். இரண்டு காலைப்பொழுதுகள் அவர் வீட்டுக்கே போய் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேட்டி எடுத்தோம். பேரன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த துண்டுகள், பழைய புகைப்படங்கள், ஒரு கல்யாண வீடியோ கேசட்டிலிருந்து மாற்றிய பத்து நிமிடம் ஆகியவையும் சேர்ந்தன. தம்பி எடிட் செய்து 38 நிமிட முதல் வடிவத்தை அனுப்பினான். நான் ஒரு முறை ஓட்டிப் பார்த்துச் சரி என்றேன்.

மறுநாள் இரவு பெரியவரின் மூத்த மகள் அழைத்தார். குரலில் கோபம் இல்லை, குழப்பம் இருந்தது.

"அப்பா வருத்தப்பட்டாருன்னு வருதேம்மா. அவர் அப்படிச் சொல்லவே இல்லையே. நான் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்."

எந்த இடம் என்று கேட்டேன். பன்னிரண்டாவது நிமிடம், நாற்பதாவது வினாடி என்றார்.

1968-இல் அந்தக் கடற்படைப் பணிமனை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியபோது பலர் அங்கேயே தொடர்ந்தார்கள். பிரிட்டிஷ் படைகள் 1971-இல் கிளம்பின. அதற்குப் பிறகு இவர் வேலையை விட்டுவிட்டு டாக்சி ஓட்டப் போனார். பட்டறையில் இருந்திருந்தால் சம்பளம் கூடியிருக்கும், வீடு முன்னாடியே வந்திருக்கும் என்று அந்தக் குடும்பத்தில் ஐம்பது வருடமாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டியில் அதற்கு அவர் சொன்ன பதில்: "அந்த வேலைய விட்டதுக்கு நான் வருத்தப்படல." எங்கள் படத்தில் இருந்தது: "அந்த வேலைய விட்டதுக்கு நான் வருத்தப்பட". அடுத்த நொடி நாதஸ்வரம் ஏறுகிறது, திரையில் பழைய டாக்சிப் படம் வருகிறது. கேட்பவர் காது மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொண்டு "வருத்தப்பட்டேன்" என்று முடித்துவிடுகிறது. ஐம்பது வருட வாக்குவாதத்துக்கு ஒரு மனிதர் சொன்ன பதிலை நாங்கள் தலைகீழாக்கி, அவர் விழாவிலேயே நூற்றுக்கணக்கான பேர் முன் போட இருந்தோம்.

பிழை எவ்வளவு பெரியது என்று டைம்லைனில், அதாவது எடிட் மென்பொருளில் துண்டுகளை நேர வரிசையில் அடுக்கும் பட்டையில், எண்ணிப் பார்த்தேன். நான்கு ஃபிரேம். ஃபிரேம் என்பது ஓடும் படத்தில் ஒரு தனிப் படம். இங்கே ஒளிபரப்பு பழக்கம் வினாடிக்கு 25 ஃபிரேம். எங்கள் வேலையும் அதே கணக்கில்தான். ஆக, ஒரு ஃபிரேம் 40 மில்லி வினாடி. நான்கு சேர்ந்தால் 160 மில்லி வினாடி. கண் சிமிட்டும் நேரம்கூட அதைவிட அதிகமாக ஆகலாம். அந்த இடைவெளிக்குள் ஒரு "ல" முழுசாக உட்கார்ந்திருந்தது.

தமிழ் வாக்கியத்தின் வால்

தமிழ்ப் பேச்சை எடிட் செய்கிற எல்லாரும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. யார் செய்தது, எப்போது செய்தது, செய்தாரா செய்யவில்லையா எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில், பெரும்பாலும் அதன் கடைசி எழுத்தில்தான் இருக்கிறது. "போக", "போகல". "அடிச்சதே", "அடிச்சதே இல்ல". "தெரியும்", "தெரியாது". ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடும். வாலில் நான்கு ஃபிரேம் போனாலும் பொருள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். நமக்கு வால் போனால் உயிரே போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. வயதானவர்கள் பேசும்போது மூச்சு வாக்கியத்தின் முடிவில்தான் தீர்கிறது. எனவே எந்த எழுத்து மிக முக்கியமோ அதுதான் மிக மெதுவாக ஒலிக்கும். பெரியவர் "வருத்தப்" என்பதை அழுத்தியும், "பட" என்பதைச் சாதாரணமாகவும், "ல" என்பதை உதட்டோடும் சொல்லியிருந்தார். கேட்டால் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் திரையில் ஒலி அலையைப் பார்த்தால் "பட"வோடு மலை இறங்கி, பிறகு கிட்டத்தட்ட நேர்கோடு. "ல" இருக்கும் இடத்தில் ஒரு சின்னத் தடிப்புதான். தெரிந்து தேடினால் தெரியும், தெரியாதவருக்குத் தெரியாது.

தம்பி அந்த மலை இறங்கிய இடத்தில் வெட்டியிருந்தான். சரியாகச் சொன்னால், காதால் கேட்டு வெட்டாமல் கண்ணால் பார்த்து வெட்டியிருந்தான். ஏன் அப்படி? அவன் காது நல்ல காது என்று எனக்குத் தெரியும். அதனால் திட்டுவதைவிடப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. மறுநாள் காலை ஒரு நாற்காலியையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். "நீ பாட்டுக்கு வேலையப் பாரு தம்பி, நான் எண்ணிக்கிட்டு மட்டும் இருக்கேன்" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் பார்த்தது

அவன் டைம்லைனில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக ஒரே வழிதான் வைத்திருந்தான்: படம் எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும் கோடான பிளேஹெட்டை மௌஸால் பிடித்து இழுப்பது. ஒரு மணி நேரத்தில் 131 முறை இழுத்தான். அதில் பாதிக்கு மேல், போன இடம் தப்பி, திரும்ப அதே இடத்துக்கு இரண்டாவது, மூன்றாவது தடவை இழுத்தது. (ஒரே ஆள், ஒரே மணி நேரம், எல்லா எடிட்டருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வரவில்லை.)

ஏன் தப்புகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அவன் முழு டைம்லைனையும் திரை அகலத்துக்கு அடக்கி வைத்தே வேலை பார்ப்பான். 38 நிமிடம் என்றால் 57,000 ஃபிரேம். திரையில் டைம்லைனுக்குக் கிடைக்கும் அகலம் ஏறத்தாழ 1,900 பிக்சல். வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 30 ஃபிரேம். மௌஸ் ஒரு புள்ளி நகர்ந்தால் பிளேஹெட் ஒரு வினாடிக்கு மேல் தாண்டுகிறது. அந்த நிலையில் நான்கு ஃபிரேமை மௌஸால் பிடிப்பது கைத்திறமைக்கு அப்பாற்பட்ட விஷயம், யாராலும் முடியாது. எனவே கிட்டத்தட்ட சரியான இடத்தில் விட்டுவிட்டு, பெரிதாக்கி, அலையைப் பார்த்து வெட்டுவான். திரும்பச் சிறிதாக்குவான். அடுத்த இழுப்பு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பள்ளி நாளில் கைப்பேசியில் காப்கட் செயலியில் எடிட் செய்து பழகியவன். கைப்பேசியில் பிளேஹெட் நடுவில் அசையாமல் நிற்கும். விரலால் படச்சுருளைத்தான் அதன் கீழே தள்ளுகிறோம். அங்கே அது மிக இயல்பான அசைவு. விரலுக்கும் படத்துக்கும் நடுவில் வேறொன்றும் இல்லை. கணினிக்கு வந்ததும் சுருள் நிற்கிறது, தலை நகர்கிறது. கை மட்டும் பழைய அசைவையே தேடுகிறது. யாரும் அவனுக்கு வேறு வழி காட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் காட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது ஒலி. பிளேஹெட்டை இழுக்கும்போது குரல் துண்டு துண்டாகச் சிதறி ஒருவிதக் கீச்சுச் சத்தமாக வரும். நாள் முழுக்க அதைக் கேட்க முடியாது. நாங்கள் எடிட் செய்யும் மென்பொருளான பிரீமியர் புரோவின் ஒலி அமைப்பில், இழுக்கும்போது ஒலி வர வேண்டாம் என்று அணைத்துவிடலாம். அவன் அணைத்திருந்தான். நியாயம்தான். ஆனால் நகர்வதெல்லாம் இழுப்பதாகவும், இழுப்பதெல்லாம் ஊமையாகவும் ஆகிவிட்டால், வெட்டும் இடத்தைத் தேடும் நேரம் முழுக்க எடிட்டர் காது கேளாதவராகத்தான் இருக்கிறார். இந்த நிகழ்வின் வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

"ஜே, கே, எல் தெரியுமா தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியும்கா. ஆனா ஜே வேலை செய்யாது."

பின்னால் போக மறுத்த கோப்பு

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி: எல் விசையை அழுத்தினால் படம் முன்னால் ஓடும், ஜே பின்னால், கே நிறுத்தும். எல் விசையை மறுபடி மறுபடி அழுத்தினால் வேகம் கூடும். கே விசையைப் பிடித்துக்கொண்டு எல் பிடித்தால் மெதுவாக, குரல் இழுபட்டுக் கேட்கும்படி நகரும். கே பிடித்தபடி எல் விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் நகரும். டேப் காலத்தில் இதற்கு ஒரு சக்கரம் இருந்தது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன், அந்தச் சக்கரத்தை இரண்டு விரலால் முன்னும் பின்னும் ஆட்டியே ஒரு சொல்லின் முனையைக் கண்டுபிடிப்பார், கண் மூடியிருக்கும். 1989-இல் அவிட் என்ற எடிட்டிங் கருவி வந்தபின் கணினி எடிட்டிங் பரவியது. சக்கரம் செய்த வேலை இந்த மூன்று விசைக்கு வந்து சேர்ந்தது. இன்று பிரீமியர், ரிசால்வ், ஃபைனல் கட் என்று எந்த எடிட்டிங் மென்பொருளைத் திறந்தாலும் ஜே, கே, எல் இதே வேலையைத்தான் செய்கின்றன.

தம்பியின் கணினியில் ஜே அழுத்தினேன். படம் உறைந்தது, இரண்டு வினாடி கழித்து எங்கோ தாவியது, குரல் வரவே இல்லை. அவன் சொன்னது சரி. ஆனால் குறை விசையிலோ மென்பொருளிலோ இல்லை. கோப்பில் இருந்தது.

பேட்டியை 4கே என்ற பெரிய பட அளவில், எச்.264 என்ற சுருக்கும் முறையில் பதிவு செய்திருந்தோம். இடத்தை மிச்சப்படுத்த இந்த முறை எல்லா ஃபிரேமையும் முழுப் படமாக எழுதுவதில்லை. ஒரு முழுப் படம். அதைத் தொடர்ந்து வரும் ஃபிரேம்களில், பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். ஏறத்தாழ அரை வினாடிக்கு ஒரு முழுப் படம் என்று வைத்துக்கொள்ளலாம். முன்னால் ஓடும்போது சிரமமில்லை. கதை கேட்பது போல ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். பின்னால் ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணினி அதற்கு முந்தைய முழுப் படம் வரை ஓடிப்போய், அங்கிருந்து வரிசையாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். கோலத்தைப் பாதியில் எடுத்துப் பார்க்க ஒவ்வொரு முறையும் முதல் புள்ளியிலிருந்து போட்டுக்கொண்டு வருவது மாதிரி. 4கே அளவில் எங்கள் பழைய கணினி அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

இதற்கு மாற்று, எடிட் செய்வதற்கென்று இலேசான நகல் கோப்புகள் செய்துகொள்வது, புரொக்சி என்போம். புரோரெஸ் புரொக்சி போன்ற வடிவத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் தனி முழுப் படம். முன்னால் போவதும் பின்னால் போவதும் ஒரே பாடு. கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலக் கோப்பே போகும், தரம் குறையாது. கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்துப் புரொக்சி செய்யச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் தயாராக இருக்கும். இந்த வேலைக்கு நாங்கள் அதைச் செய்யவில்லை. "சின்ன வேலைதானே, நேரா எடிட் பண்ணிடு" என்று சொன்னது நான்.

ஆக, சங்கிலி இப்படி ஓடுகிறது: கோப்பு கனமானது, அதனால் ஜே ஓடவில்லை, அதனால் தம்பி விசைகளைக் கைவிட்டு மௌஸுக்குப் போனான், இழுக்கும்போது கீச்சுச் சத்தம் வந்ததால் ஒலியை அணைத்தான், ஒலி இல்லாததால் அலையைப் பார்த்து வெட்டினான், அலையில் "ல" இல்லை.

மற்றவை

இன்னும் இரண்டு மூன்று சிக்கல்கள் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்தன. அவை தனியாக ஒரு பிழையையும் உண்டாக்கவில்லை, ஆனால் அவனை விசைப்பலகையிலிருந்து விரட்டியதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

பிரீமியரில் மேல் அம்பும் கீழ் அம்பும் முந்தைய கட், அடுத்த கட் என்று, அதாவது துண்டும் துண்டும் சேரும் இடங்களுக்கு, தாவ உதவும். அவனுக்கு அது சில கட்களைத் தாண்டித் தாண்டிப் போனது. "இதுவும் கெட்டுப்போச்சு" என்று விட்டுவிட்டான். உண்மையில் டைம்லைனின் இடப்பக்கத்தில் எந்த டிராக் (துண்டுகள் உட்காரும் வரிசை) குறிவைக்கப்பட்டிருக்கிறதோ அந்த டிராக்கின் கட்களில் மட்டும்தான் அது நிற்கும். பேட்டி இருந்த முதல் டிராக்கின் குறி அணைந்திருந்தது. ஷிஃப்ட் சேர்த்து அழுத்தினால் குறியைப் பார்க்காமல் எல்லா டிராக்கின் கட்களிலும் நிற்கும்.

தமிழ் விசைப்பலகை விஷயம் எனக்கே புதுசு. தம்பி படத்தில் பெயர்களையும் வசன வரிகளையும் தமிழில் தட்டச்சு செய்வான். தமிழ்99 அமைப்பில் ஜே, கே, எல் விசைகளில் ப, ம, த உட்கார்ந்திருக்கின்றன. தட்டச்சு முடித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற மறந்தால், எங்கள் கணினியில் டைம்லைன் விசைகள் ஒன்றும் பேசுவதில்லை. எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்று தெரியாத கருவியை யார்தான் நம்புவார்கள்? இப்போது இரண்டு மேசையிலும், மொழி மாற்றும் விசை எது என்று திரையின் ஓரத்தில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறது. தமிழில் எடிட் செய்யும் வேறு யாருக்காவது விசைகள் திடீரென்று செத்துப்போனால் முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம் மார்க்கர், டைம்லைனில் ஓர் இடத்தை அடையாளம் வைக்கும் குறி. 38 நிமிட டைம்லைனில் ஒன்றுகூட இல்லை. எங்கே கல்யாணம், எங்கே டாக்சி என்பதெல்லாம் அவன் மனதில்தான் இருந்தது.

மாற்றியவை, பலிக்காதவை

அதற்கு மறுநாள் மதியம் பிழையைத் திருத்தினோம். அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த விஷயமும் அந்தப் பத்து நிமிடத்தில் இருந்தது.

முதல் நாள் இரவே புரொக்சி போட்டு வைத்திருந்தேன். மகள் சொன்ன இடத்துக்கு மௌஸால் தேடிப் போகாமல், நேரக்குறியைச் சொடுக்கி 124000 என்று அடிக்கச் சொன்னேன். பிளேஹெட் நேராக 12 நிமிடம் 40 வினாடியில் போய் நின்றது. (மைனஸ் போட்டு 12 அடித்தால் 12 ஃபிரேம் பின்னால், பிளஸ் போட்டால் முன்னால். வாடிக்கையாளர் நிமிடம், வினாடி சொல்லித்தான் திருத்தம் கேட்கிறார்கள். இந்த ஒன்றைப் பழகினாலே பாதித் தேடல் ஒழியும்.) மேல் அம்பைத் தட்டி அந்தக் கட்டில் நின்றோம். பேட்டித் துண்டு முடியும் முனையைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலோடு வலது அம்பை இருபது இருபத்தைந்து முறை தட்டி வாலைத் தாராளமாக நீட்டினோம். பிறகு ஹெட்ஃபோனை அவன் காதில் மாட்டினேன்.

"கண்ண மூடிக்கோ. கே-ய புடிச்சுக்கிட்டு எல்."

குரல் இழுபட்டு வந்தது. வ... ரு... த்... த... ப்... ப... ட... ல... அந்த "ல" வந்ததும் அவன் உடம்பு ஒரு முறை நிமிர்ந்தது. விரலை எடுத்தான். ஜே பிடித்துத் திரும்பினான், மறுபடி வந்தான். நான்கைந்து தடவை அந்த ஓர் எழுத்தின் மேலேயே முன்னும் பின்னும் போய்வந்தான். "முடியுற இடம் இங்க இருக்கு அக்கா" என்றவன், அங்கே வெட்டாமல் இன்னும் கொஞ்சம் போனான். "ல"வுக்குப் பிறகு பெரியவர் ஒரு மூச்சு விடுகிறார். அந்த மூச்சு 14 ஃபிரேம். அதையும் சேர்த்துக்கொண்டு வெட்டினான். நான் சொல்லவில்லை. பிறகு ஷிஃப்ட் பிடித்துக் கே அழுத்தினான். கட்டுக்கு இரண்டு வினாடி முன்னிருந்து இரண்டு வினாடி பின்வரை ஓடிக் காட்டியது. மூச்சு முடிந்து நாதஸ்வரம் ஏறியது.

அதன் பிறகு முழுப் படத்தையும், பேட்டியின் ஒவ்வொரு கட்டையும், இப்படியே காதால் நடந்து பார்த்தான். இன்னும் இரண்டு இடத்தில் வால் குட்டையாக இருந்தது. பொருள் மாறவில்லை, ஆனால் சொல் நசுங்கியிருந்தது. நான் முதலில் ஓட்டிப் பார்த்தபோது மூன்றையுமே கவனிக்கவில்லை. கதை தெரிந்தவர் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. தெரிந்த சொல்லை மனம் தானே முடித்துக்கொள்ளும்.

மார்க்கர்கள் போட்டான். எம் தட்டினால் ஒன்று விழும், இரண்டாம் முறை தட்டினால் பெயர் எழுதலாம். "தளம்", "டாக்சி", "கல்யாணம்", "கம்பத்து வீடு", "அடுக்குமாடி" என்று தமிழிலேயே எழுதினான். ஷிஃப்டோடு எம் தட்டினால் ஒன்றிலிருந்து அடுத்ததுக்குத் தாவும். டைம்லைன் ஊர் மாதிரி ஆனது. எந்தத் தெரு எங்கே என்று தெரிந்தது.

சில விஷயங்கள் பலிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க மௌஸைத் தொடாதே என்று சொல்லிப் பார்த்தேன். பேட்டிப் பகுதி நன்றாகவே போனது. ஆனால் புகைப்படங்களைப் பாட்டுக்கு ஏற்ப அடுக்கும் இடத்தில் அவன் தடுமாறினான். அங்கே மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்த்து, தூக்கி, நகர்த்தி வைப்பதுதான் வேலை. அதற்கு மௌஸும் சிறிதாக்கிய டைம்லைனுமே பொருத்தம். மதியமே அந்தக் கட்டளையை எடுத்துவிட்டேன். யாரோ கொடுத்த ஒரு பழைய சுழல் சக்கரத்தை மாட்டிப் பார்த்தோம். எனக்குப் பிடித்தது. அவன் இரண்டு நாளில் கழற்றிவிட்டான். விசைகளே போதும் என்றான். விசைகளை அவன் இஷ்டத்துக்கு மாற்றி அமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டதும் தவறு. சில வேலைகளை ரிசால்வில் செய்கிறோம். அங்கே ஷிஃப்டோடு அம்பு ஒரு வினாடி தாவும், பிரீமியரில் ஐந்து ஃபிரேம். ஏற்கெனவே இருக்கும் இந்த வேறுபாட்டோடு அவன் மாற்றியதும் சேர்ந்து, என் மேசையில் உட்கார்ந்தால் அவனுக்கும் அவன் மேசையில் எனக்கும் கை குழம்பியது. இப்போது ரிசால்விலும் பிரீமியர் விசை அமைப்பையே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம்.

பெரிதாக்குவது, சிறிதாக்குவது மட்டும் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. பின்சாய்வுக்கோட்டு விசையைத் தட்டினால் முழு டைம்லைனும் திரைக்குள் அடங்கும், சமக்குறி பெரிதாக்கும். அவனுக்குத் தெரியும். இருந்தும் பேட்டி வெட்டும்போது அவன் இன்னும் சிறிதாக்கியே வைத்திருக்கிறான். காதால் நடப்பதால் இப்போது அது பிழையில் போய் முடிவதில்லை. அதனால் நானும் வற்புறுத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து

வேறொரு பேட்டி வேலையில் மறுபடி தாளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மௌஸால் இழுத்தது 38 முறை, பெரும்பாலும் படங்கள் அடுக்கும் இடத்தில். வேகம் கூடியதா என்று கேட்டால், கொஞ்சம் கூடியது. நான் எதிர்பார்த்த அளவு இல்லை. பேட்டி முழுக்கக் காதால் கேட்டு நடப்பதால் சில இடங்களில் முன்பைவிட மெதுவாகவே போகிறான். அந்த நேரம் போகட்டும். புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே புரொக்சி, ஹெட்ஃபோன், ஜே கே எல் மூன்றும் என்று முடிவு செய்துவிட்டோம். தமிழ்ப் பேட்டி என்றால் வாக்கியத்தின் கடைசி எழுத்தையும் அதன் பின்வரும் மூச்சையும் கேட்காமல் எந்தக் கட்டும் வெளியே போவதில்லை.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு மகள் அப்பாவை அறைக்கே கூட்டிவந்தார். லிஃப்ட்டிலிருந்து மெதுவாக நடந்துவந்து பழைய சோபாவில் உட்கார்ந்தார். கீழே கடையிலிருந்து கோப்பி வாங்கிவந்து கொடுத்தோம். படம் முழுதும் பேசாமல் பார்த்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் கழித்து, "டாக்சி வர்ற இடத்த இன்னொரு வாட்டி போடுப்பா" என்றார்.

தம்பி மௌஸைத் தொடவில்லை. ஹோம் விசை, பிறகு ஷிஃப்டோடு எம் இரண்டு தடவை, எல். "அந்த வேலைய விட்டதுக்கு நான் வருத்தப்படல" என்று திரையில் அவர் சொன்னார், மூச்சு விட்டார். மகள் அப்பாவைப் பார்த்தார். அவர் திரையில் வந்த வண்டியைக் காட்டி, அதன் பின்கதவு ஒரு பக்கம் சரியாக மூடாது, பயணி இறங்கியதும் இவரே இறங்கிப்போய்ச் சாத்த வேண்டும் என்று தம்பியிடம் சொல்ல ஆரம்பித்தார்.